உள்ளே ஆள் இருக்கிறது

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எந்தக் கதவு திறந்திருந்தாலும், "கதவ மூடு, குளிர் வெளிய போகுது" என்று கத்துவார். குளிர்பெட்டிக்குக் கத்தினால் நியாயம் இருக்கிறது. துணி அலமாரிக்கும் கத்துவார். யாங்கோனில், ஏப்ரல் மாத மதியத்தில், மின்சாரமும் போன நேரத்தில், தாமுவேயில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து எந்தக் குளிர் வெளியே போகப்போகிறது? ஆனாலும் என்ன செய்ய. போட்டாதாங் படகுத்துறைக்குப் பக்கத்தில் மீன் குளிர்க்கிடங்கில் வேலை பார்த்தே தலை நரைத்த மனிதர். வாய் பழகிவிட்டது.

இந்தத் தெருவில் குளிர் என்றால் என்னவென்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குக் குளிர் என்பது டிசம்பர் விடிகாலையில் கழுத்தில் சுற்றும் ஒரு துண்டு. அதனால்தான் எங்கள் மகள் பவானிக்கு ரஷ்யாவில் படிக்க இடம் கிடைத்தது என்று கேட்டதும் தெருவே இனிப்பு கேட்டது. அவர் மட்டும் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

படிப்பு ரயில்பாதை அமைக்கிற படிப்பு. ஊர் இர்க்குட்ஸ்க், சைபீரியாவுக்கு நட்டநடுவே. செலவு முழுக்க அந்த நாட்டு அரசாங்கத்துடையது. என் வீட்டுக்காரருடைய பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, பெகு லைனில் தண்டவாளத்துக்குக் கட்டை சுமந்தவர். கொள்ளுப்பேத்தி இப்போது அந்தக் கட்டையை எங்கே போடுவது என்று முடிவு செய்யப் படிக்கப் போகிறாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வளர்ந்த பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் இப்போது யார் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்? ஒரு நல்ல வழி திறந்ததே என்று எல்லாச் சாமிக்கும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நேர்முகத் தேர்வுக்காக அந்த நாட்டின் பூகோளம், சரித்திரம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் பவானி உரக்கப் படித்தாள். நான் சந்தையில் இட்லிக்கடை போடுகிறவள். மாவரைக்கிற நேரத்தில் அவள் படித்ததைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி மனப்பாடம். ஒரு கோடியில் இருக்கிறவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, மறு கோடியில் இருக்கிறவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருவார்களாம், அவ்வளவு பெரிய நாடு. இர்க்குட்ஸ்குக்குப் பக்கத்தில் ஒரு ஏரியாம், உலகத்திலேயே ஆழமானதாம். குளிர்காலத்தில் அதன் மேலேயே வண்டி ஓட்டுவார்களாம். ஓப், யெனிசேய், லேனா என்று மூன்று பெரிய ஆறுகள். மூன்றும் வடக்கே ஓடுகின்றனவாம்.

"ஆறு வடக்க ஓடுதா? அதுக்கு என்ன திமிரு?" என்று கேட்டேன். எங்கள் ஐராவதி ஒழுங்காகத் தெற்கே ஓடுகிறது.

"அந்தப் பக்கம்தாம்மா பள்ளம். வடக்க பனிக் கடலு."

அவர் படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் பிடித்துக்கொண்டார்.

"அந்த பிரெஞ்சுப் பட்டாளம் போச்சுன்னு படிச்சியே. எத்தன பேரு திரும்பி வந்தான்?"

"கொஞ்சப் பேருதாம்பா."

"பட்டாளத்தையே தின்ன குளிரு. நீ எம்மாத்திரம்?"

"அவங்க வெயில்காலத் துணியோட போனாங்கப்பா. நான் கோட்டோட போறேன்."

கோட்டின் கதையைச் சொல்ல வேண்டும். மூட்டையாக வந்திறங்குகிற பழைய ஜப்பான் துணிகளில் தேடி எடுத்தது அது. அதைப் பார்த்துவிட்டு நூருன்னிசா அக்கா, "இதுல காத்து பூரும்மா" என்று தூக்கிக்கொண்டு போனார். அவருடைய கணவர் தஸ்தகீர் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே கிடங்கில் வேலை. அக்கா தையல்காரி. தன் வீட்டுப் பஞ்சுப் போர்வையைப் பிரித்து, கோட்டுக்கு உள்ளே வரி வரியாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். "போர்வைக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டதற்கு, "இந்த ஊருல போர்வ எதுக்குடி, ஃபேன் கிட்ட படுத்துக்குவோம்" என்றார். அந்த ஃபேனும் பாதி நாள் ஓடாது. இப்படிப்பட்ட மனுஷியை எந்தக் கணக்கில் வைப்பது?

அந்தக் குடும்பத்துக்கு நான் பட்ட நன்றிக்கடன் அதோடு முடிவதில்லை. பவானி தொட்டிலில் கிடந்த காலத்தில், கிடங்கின் உறைநிலை அறைக்குள் இவர் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது, யாரோ பார்க்காமல் வெளியே தாழ் போட்டுவிட்டுப் போய்விட்டான். உள்ளேயிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு, ஆனால் அது எப்போதும் ஐஸ் பிடித்துக் கிடக்கும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிய தஸ்தகீர் அண்ணன், கதவுக்கு முன்னால் வார் அறுந்து கம்பி கட்டிய ஒரு ஜோடி செருப்பைப் பார்த்தார். உள்ளே போகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போவார்கள். இது வடிவேல் செருப்பாச்சே, ஆள் எங்கே என்று யோசித்து அவர் தாழை நீக்கியதால்தான் என் கழுத்தில் தாலி இருக்கிறது. இவருடைய இடது கையில் இரண்டு விரல் நுனிக்கு இன்றைக்கும் உணர்வு இல்லை.

அன்றிலிருந்து கிடங்கில் ஒரு சட்டம். வாசலில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, தாழ் போடக் கூடாது. செருப்பு இல்லையென்றால் போடலாம். அன்றிலிருந்து என் கடையிலும் ஒரு சட்டம். வெள்ளிக்கிழமை முதல் ஈடு இட்லி தஸ்தகீர் அண்ணன் வீட்டுக்குத்தான் போகும்.

ஆகவே என் வீட்டுக்காரர் மகளைத் தடுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்ததும் கோபம் அடங்கிவிடுமா? "உங்க பயத்த அவ தலையில ஏன் கட்டறீங்க?" என்று சத்தம் போட்டேன். பவானியோ கோபம் வந்தால் பர்மிய மொழிக்குத் தாவிவிடுகிற பெண். அன்றைக்கு மட்டும் நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, நீங்க சரின்னு சொல்லாம நான் ஏரோப்ளேன் ஏற மாட்டேன். இடம் போனா போகட்டும்."

இது என்னை இன்னும் பயமுறுத்தியது. சொன்னால் செய்கிறவள் அவள். கிளம்ப வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது.

அவர் கடைசியில் ஒரு வழி சொன்னார். "கோட்டப் போட்டுக்கிட்டு கெடங்குக்கு வா. உள்ள வந்து நில்லு. நீயே வேணாம்னு சொல்லுவ."

"வர்றேன். வேணாம்னு சொல்லலேன்னா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மூவரும் பஸ் பிடித்துப் போனோம். கொளுத்துகிற வெயிலில் பஞ்சுக் கோட்டை மடியில் வைத்திருந்த எங்களை பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. பவானி தன் ஊதா வெல்வெட் செருப்பைப் போட்டிருந்தாள். டியூஷன் சொல்லிக்கொடுத்த பணத்தில் வாங்கியது, மாண்டலேயில் செய்தது. மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பாளே தவிர, நனைய விடமாட்டாள்.

கிடங்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. காலையில் படகில் வந்த மீனைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் உடை மாற்றும் அறையிலேயே பூட்ஸ் மாட்டி, வாசலில் மகள் செருப்பு இருக்குமே என்று தன்னுடையதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மகளுக்கும் ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார். குளிரில் போன் கெட்டுவிடும் என்று அவள் போனை என்னிடம் தந்தாள். "கொஞ்ச நேரந்தான்மா" என்றாள். அவர்கள் உறைநிலை அறைக்குள் போனதும் நான் எடை போடும் மேசைக்குப் பக்கத்தில் தஸ்தகீர் அண்ணனோடு லபேயே குடிக்க உட்கார்ந்தேன். அந்த லபேயே தேநீர்தான், ஆனால் அதில் டின்பால் ஊற்றுகிற ஊற்றில் ஸ்பூன் நிற்கும்.

பேச்சு பவானியைப் பற்றித்தான். "புள்ள போகட்டும் தங்கச்சி. நான் அவன்ட்ட சொல்றேன்" என்றார் அண்ணன். நீங்கள் சொன்னால் கேட்பார் அண்ணே என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். உறைநிலை அறையின் கதவில் தாழ் போட்டிருந்தது.

அவர்கள் எந்தப் பக்கமாக வெளியே வந்தார்கள்? வந்திருந்தால் என்னைத் தாண்டித்தானே வந்திருக்க வேண்டும்? கோ டின் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பர்மியர் அந்தப் பக்கம் பெட்டி தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே ஆள் உண்டா என்று அவர் மொழியில் கேட்டேன். "இல்லை சாந்தி அம்மா, செருப்பு இல்லையே, பார்த்துத்தான் போட்டேன்" என்றார்.

கதவுக்கு முன்னால் தரையைப் பார்த்தேன். மீன் கழுவிய தண்ணீர் கணுக்கால் நனைகிற அளவுக்கு நின்றது. என் மகள் அந்தத் தண்ணீரில் வெல்வெட் செருப்பை விட்டிருப்பாளா? உயிரே போனாலும் விடமாட்டாள். கையோடு உள்ளே எடுத்துக்கொண்டு போயிருப்பாள்!

"அண்ணே! உள்ள இருக்காங்க!"

நான் போட்ட சத்தம் ஜெனரேட்டரை மிஞ்சியது என்று பிறகு சொன்னார்கள். தஸ்தகீர் அண்ணன் அந்த வயதிலும் ஓடியதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். தாழை இழுத்தார். கதவு திறந்தது. வெள்ளைப் புகையாகக் குளிர் வெளியே வந்து எங்கள் காலில் விழுந்தது.

புகைக்குள் நான் பார்த்தது இதுதான். பஞ்சுக் கோட்டு என் வீட்டுக்காரர் மேல் இருந்தது. பவானி ஸ்வெட்டரோடு, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பெட்டிகளுக்கு நடுவே அவரை முன்னும் பின்னும் நடத்திக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு நடை பழக்குவது போல இருந்தது. சத்தமாக, வாத்தியார் குரலில் கேட்டாள்.

"சொல்லுங்கப்பா. ஓப், அப்புறம்?"

"யெனிசேய்."

"அப்புறம்?"

"லேனா."

"எந்தப் பக்கம் ஓடுது?"

"வடக்க" என்றார் அவர். பல் தந்தியடித்தது. என்னைப் பார்த்ததும் அழுதார்.

உள்ளே நடந்ததைப் பவானி பிறகு சொன்னாள். தாழ் விழுந்த சத்தம் கேட்டதுமே அவர் ஓடிப்போய்க் குமிழைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். ஐஸ். கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றவர், அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் பதில் இல்லை. அவள் மீன் தட்டை எடுத்துக் கதவில் அடித்துப் பார்த்தாள், ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. உட்கார்ந்தால் ஆபத்து என்று பழைய கதையிலிருந்து அவளுக்குத் தெரியும். கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டு, எழுப்பி, நடத்தியிருக்கிறாள். பேச்சு நின்றுவிடக் கூடாது என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டிருக்கிறாள். வந்தது நேர்முகத் தேர்வுக்குப் படித்ததுதான். ஆச்சரியம் என்னவென்றால், அவர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் ஒன்றையும் விடாமல் கேட்டிருக்கிறார்.

வெளியே ஸ்ட்ராண்ட் ரோட்டு வெயிலில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தோம். யாங்கோன் வெயிலை நான் திட்டாத நாள் கிடையாது. அன்றைக்கு அதற்கும் நன்றி சொன்னேன். பவானி வெல்வெட் செருப்பைத் தோள்பையிலிருந்து எடுத்தாள். அது மரக்கட்டையாக விறைத்திருந்தது. அதை வெயிலில் காய வைத்தாளே, அந்தச் செருப்பாலேயே அவளை நாலு போடலாம் என்று வந்தது. கட்டிக்கொண்டேன்.

கோ டின் ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். "அவர் மேல தப்பில்ல. சட்டப்படி பாத்துத்தான் போட்டாரு" என்று சொல்லிவிட்டு, அதையே அவருக்குப் பர்மிய மொழியிலும் சொன்னார். மறுநாள் தஸ்தகீர் அண்ணன் முதல் வேலையாக அந்தக் குமிழில் இருந்த ஐஸை உளி வைத்துத் தட்டி எடுத்து, மாற்றுக் குமிழ் போடவைத்தார்.

அன்றைக்கு அந்த வெயிலில், சூடான லபேயே இரண்டு கோப்பை உள்ளே போன பிறகு என் வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார்.

"இத்தன வருசமா குளிருதான் கொல்லும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது இல்ல. அன்னிக்கு உள்ள தனியா இருந்தேன். யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன் பாரு, அதுதான். இன்னிக்கு நீ இருந்த. நீ பயப்படல."

"பயந்தேம்பா. ரொம்பப் பயந்தேன்."

"பயந்துக்கிட்டே நடந்தியே. போய்ட்டு வா."

அதைச் சொன்னதும் தஸ்தகீர் அண்ணன், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் முருகா என்றேன். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும்.

"ஒண்ணு மட்டும்" என்றார் இவர். "எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்ப வாசல்ல விடு. எவ்வளவு தண்ணி கெடந்தாலும்."

பவானி சிரித்துவிட்டாள். "அங்க எல்லாரும் அப்படித்தாம்பா. வீட்டுக்குள்ள பூட்ஸோட போனா திட்டுவாங்க. வர்ற விருந்தாளிக்குன்னே தனியா செருப்பு வச்சிருப்பாங்க, உள்ள போட்டுக்க."

"அப்ப நல்ல ஜனங்கதான்" என்றார்.

புறப்படுகிற அன்று அவள் இன்னொரு பழக்கம் சொன்னாள். பயணம் கிளம்புமுன் அந்த நாட்டில் வீட்டிலுள்ள எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்காருவார்களாம். நாமும் உட்காருவோம்தான், யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால். அவர்கள் தும்மாமலேயே உட்காருகிறார்கள். எல்லாரும் உட்கார்ந்தோம். நூருன்னிசா அக்காவின் உதடு மட்டும் துஆ ஓதியபடி அசைந்தது. கோட்டில் லேசாக மீன் வாடை அடித்தது. எத்தனை முறை காயப்போட்டும் அது போகவில்லை. பிறகு பவானி எழுந்து ஷூ மாட்டிக்கொண்டாள். வெல்வெட் செருப்பைப் பெட்டியில் வைக்கப்போனவளை அவர் நிறுத்தினார்.

"அது இங்கயே இருக்கட்டும். வாசல்ல."

அது வாசலிலேயே இருக்கிறது. பெருக்கும்போது நகர்த்துவேன், பெருக்கியதும் அதே இடத்தில் வைத்துவிடுவேன். தாழ்ப்பாள் போடும்போது அவர் அதை ஒருமுறை பார்ப்பார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம் வீடியோவில் கூப்பிட்டாள். அவளுடைய ஆசிரியை ஒருத்தி வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தாள். தஸ்தகீர் அண்ணனும் அக்காவும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு போனுக்குள் நான்கு தலை. முதலில் காலைக் காட்டினாள், தடித்த கம்பளிச் செருப்பு, அந்த வீட்டில் கொடுத்தது. பிறகு தேநீரைக் காட்டினாள், கூடவே பழப்பாகு. கன்னம் சிவந்து, சதை போட்டிருந்தாள். வெளியே குளிர் எவ்வளவு என்று கேட்டேன். உங்கள் கிடங்கைவிட அதிகம் என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் வெயில் அடிக்கிறது, வீட்டுக்குள் மெல்லிய சட்டையோடு இருக்கலாம் என்றாள்.

அவர் காதில் அதெல்லாம் விழவில்லை. "வாசலக் காட்டு" என்றார்.

காட்டினாள். கதவோரத்தில் பூட்ஸுகள் வரிசையாக நின்றன. அவளுடையது நடுவில்.

"கதவு?" என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் கைப்பிடியைத் திருப்பினாள். உள்ளேயிருந்து. அந்தக் கனத்த கதவு ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது. வெளியே முற்றம் முழுக்க வெள்ளை, அதன்மேல் வெயில், அதற்கப்பால் வேலியும் மரமும், எங்கோ ஒரு ரயில் போகிற சத்தம்.

"பாத்தீங்களாப்பா? உள்ள இருந்தே தெறக்கலாம்."

அவர் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். தஸ்தகீர் அண்ணன் அவருடைய இடது கையை, அந்த உணர்வில்லாத விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தேன், பாத்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் என் வீட்டுக்காரர். "கதவ மூடும்மா. சூடு வெளிய போகுது."